சீனியில் செய்த மண்டையோடு



இலக்கிய நிகழ்ச்சியில் பலகாரத்துக்கு என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். ஒரு தின்பண்டத்துக்கும் ஒரு கவிதை வகைக்கும் ஒரே பெயர் வழங்கும் புதுமையைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன். மெக்சிக்கோ நாட்டில் வழங்கும் 'கலவேரா' என்பதுதான் அந்தப் பெயர். ஸ்பானிய மொழியில் மண்டையோடு என்பது அதன் பொருள். சீனியைப் பிசைந்து வீட்டில் செய்யும் மண்டையோடும் கலவேராதான். உயிரோடிருப்பவரை இறந்தவராகப் பாவித்துப் பாடும் கேலிப் பாட்டும் கலவேராதான்.

நவம்பர் 1ஆம், 2ஆம் திகதிகள் அங்கே இறந்தோருக்குரிய நாட்கள். முதல் நாள் மறைந்த குழந்தைகளுக்கு, மறுநாள் பெரியவர்களுக்கு. வீட்டிலே ஒரு பீடம் அமைத்து, இறந்தவரின் படம், மெழுகுதிரி, தண்ணீர், உப்பு, மஞ்சள் செண்டுப்பூ, அவர் விரும்பி உண்ட உணவு எல்லாம் வைப்பார்கள். எலும்பு வடிவில் மாவை உருட்டி மேலே ஒட்டிய 'இறந்தோர் பாண்' ஒன்றும் இருக்கும். நாம் பாண் என்பது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். ஸ்பானியரின் 'பான்' அதன் உடன்பிறப்பு. இந்த வழக்கம் 2008இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

பீடத்தின் அழகு சீனி மண்டையோடுகளில்தான் இருக்கிறது. ஸ்பானியர் 16ஆம் நூற்றாண்டில் கரும்பை அங்கே கொண்டுபோனார்கள். சீனிப் பசையால் உருவங்கள் செய்யும் கலையும் அவர்களோடு போனது. அந்தப் பசைக்கு 'அல்பெனிக்கே' என்று பெயர். தொலூக்கா நகரில் ஆண்டுதோறும் இதற்கென்றே ஒரு சந்தை கூடுகிறது. இந்தச் சொல்லின் வேரைத் தேடிப் போனால் வியப்புக் காத்திருக்கிறது. ஸ்பானியருக்கு அதைத் தந்தவர்கள் அராபியர். அராபியருக்குத் தந்தவர்கள் பாரசீகர். பாரசீகருக்குக் கிடைத்தது வடமொழியின் 'பாணித'. காய்ச்சி இறுக்கிய கருப்பஞ்சாறு என்பது பொருள். நமது அகராதிகளிலும் பாணிதம் உண்டு. கடல்கள் பல கடந்துபோன அந்தச் சொல், அங்கே மண்டையோடாகி நிற்கிறது!

செய்முறை எளிது. ஒரு கோப்பை சீனிக்கு ஒரு தேக்கரண்டி உலர்ந்த முட்டை வெள்ளைக்கருத் தூள், ஒரு தேக்கரண்டி தண்ணீர். விரலால் நன்றாகப் பிசறவேண்டும். கையில் அள்ளி இறுக்கினால், ஈரக் கடற்கரை மணலைப்போல விரலடையாளம் நிற்கவேண்டும், அதுதான் பதம். அச்சில் அழுத்தி நிரப்பி, மட்டந்தட்டி, ஒரு மட்டையை மேலே வைத்துக் கவிழ்த்தால் உரு வந்துவிடும். ஓரிரவு உலரவிட வேண்டும். பிறகு ஐசிங்கினால் கண்ணுக்குப் பூவும் நெற்றிக்குக் கோலமும் இடுவார்கள். நெற்றியில் ஒரு பெயரும் எழுதுவார்கள். இறந்தவர் பெயரென்றால் அது பீடத்துக்கு. நண்பனின் பெயரென்றால் அது அன்பளிப்பு. வண்ணத் தாளும் மினுக்கும் ஒட்டியவை பார்வைக்கு மட்டுமே. தின்பதற்கென்று சொக்கலேற்றிலும் செய்வதுண்டு.

சென்ற ஐப்பசியில் என் ஒன்பது வயதுப் பேத்தி இதைச் செய்தே தீரவேண்டும் என்று நின்றாள். அச்சு இல்லை. கையாலேயே உருட்டி, பெருவிரலால் இரண்டு கண்குழிகள் அழுத்தினோம். கொழும்பு மழைக்காலத்து ஈரத்தில் சீனி உலருமா? இளஞ்சூட்டுப் போறணையில் வைத்து எடுத்தோம். ஐசிங்கைக் கையில் எடுத்ததும் அவள் கேட்டாள்: "அப்பப்பா, அப்பம்மாவின்ர பெயரை எழுதட்டோ?"

அவள் போய் மூன்று ஆண்டுகள். அந்தப் பெயரை நாங்கள் வீட்டில் தணிந்த குரலில்தான் சொல்லிவந்தோம். நான் பேசாமல் நின்றேன். "அவவுக்கு இது பிடிக்குமோ?" என்று அடுத்த கேள்வி. "பிடிக்காது. மண்டையோட்டை அடுப்படிக்குள் கொண்டுவந்ததுக்கு எங்கள் இரண்டு பேரையும் ஏசியிருப்பா" என்றேன். பிள்ளை சிரித்தாள், நானும் சிரித்தேன். பெயர் எழுதப்பட்டது. படத்தின் முன் வைத்தோம், பக்கத்தில் ஒரு பனங்காய்ப் பணியாரத்தோடு.

இனிப் பாட்டுக் கலவேராவுக்கு வருவோம். நவம்பர் பிறந்தால் மெக்சிக்கோப் பத்திரிகைகளில் இத்தகைய பாட்டுக்கள் வரும். அமைச்சர் முதல் அயல்வீட்டுக்காரர் வரை எல்லாரையும் கல்லறைக்கு அனுப்பி, அவரவர் குறும்பைச் சொல்லிச் சிரிப்பார்கள். 1852இல் பிறந்து 1913இல் மறைந்த ஓவியர் பொசாடா, இப்பாட்டுகள் அச்சான மலிவுத் தாள்களுக்கு எலும்புக்கூட்டுச் சித்திரங்கள் செதுக்கினார். பூத்தொப்பி அணிந்த சீமாட்டியின் மண்டையோடு அவற்றுள் பெயர்பெற்றது. டியேகோ ரிவேரா 1947இல் தீட்டிய சுவரோவியத்தில் அவளுக்கு முழு உடலும் உடையும் கொடுத்தார். சாவுக்குமுன் சீமாட்டியும் சேவகியும் ஒன்று என்பதே அதன் உட்பொருள்.

நமது மரபிலோ உயிரோடிருப்பவர்மீது சாவைப் பாடுவது அறம் பாடுதல்; அது சாபம். நந்திக் கலம்பகத்தைக் கேட்டு மன்னன் மாண்டான் என்ற கதையை நாம் அறிவோம். ஒரே கருப்பொருள், இங்கே நஞ்சு, அங்கே சீனி!

ஒக்டாவியோ பாஸ் 1950இல் வெளியிட்ட தமது புகழ்பெற்ற நூலில் இதை ஆராய்ந்தார். சாவைப் பொருட்படுத்தாதவர் வாழ்வையும் பொருட்படுத்தாதவரே என்று தம் மக்கள்மீது குறைபட்டார். பெரியவரின் கருத்து, ஆயினும் என்னால் முற்றாக ஏற்க முடியவில்லை. இறந்த மகவின் பெயரை நடுங்கும் கையால் சீனியில் எழுதும் தாயை, சாவைப் பொருட்படுத்தாதவள் என்று எப்படிச் சொல்வது? அச்சத்தை வாயில் வைக்கக்கூடிய அளவுக்குச் சிறிதாக்கி, அதன் நெற்றியில் அன்புக்குரிய பெயரை எழுதுகிறாள். இலக்கியம் செய்வதும் இதைத்தானே? தாங்கமுடியாத ஒன்றுக்கு ஓர் அளவும் ஓர் உருவும் கொடுத்து, நம் கையில் தருகிறது.

உங்கள் வீட்டிலும் தணிந்த குரலில் சொல்லப்படும் பெயர் ஒன்று இருக்கலாம். அதை ஒருநாள் பிள்ளைகள் முன் உரக்கச் சொல்லுங்கள். அவர் செய்த குறும்பு ஒன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.