பாவமன்னிப்புச் சீட்டும் புண்ணியப் பொக்கிஷமும்

(ஒரு கூட்டத்தில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பாவமன்னிப்புச் சீட்டு என்பதாகும். பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புத்தகத்தில் இந்தப் பேரை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். போப்பாண்டவர் காசு வாங்கிக்கொண்டு பாவத்தை மன்னித்தார், லூதர் என்ற சந்நியாசி எதிர்த்தார், மதம் இரண்டாய்ப் பிளந்தது என்பதோடு அந்தப் பாடம் முடிந்துவிடும். நாமும் சிரித்துவிட்டு ஏட்டைத் திருப்பிவிடுவோம். ஆனால் தோழர்களே, ஒருவன் சொல்லாததைச் சொன்னதாக வைத்துக்கொண்டு அவனை ஜெயிப்பது ஜெயமாகாது. ஆகையால் கத்தோலிக்கர்கள் என்ன சொல்லுகிறார்கள் என்பதை அவர்களே ஆமென்று ஒப்புக்கொள்ளும்படி முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் நம் கேள்விகளைக் கேட்போம்.

ஒரு பாவத்தில் இரண்டு சங்கதிகள் உண்டு என்கிறார்கள். ஒன்று குற்றம், மற்றொன்று தண்டனை. மனஸ்தாபப்பட்டுக் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தால் குற்றம் மன்னிக்கப்படுகிறது, நரகமும் நீங்குகிறது. ஆனாலும் சிறிது காலத்துக்கு அனுபவித்துத் தீர்க்கவேண்டிய தண்டனை பாக்கி நிற்கிறது. அதை ஜெபம், உபவாசம், தர்மம் இவைகளால் இங்கேயே தீர்க்கவேண்டும். தீராவிட்டால் செத்த பிறகு உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடந்து தீர்க்கவேண்டும். இந்தப் பாக்கித் தண்டனையைக் குறைப்பதற்குத்தான் அவர்கள் 'பலன்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். அடியோடு நீக்கினால் அது 'பரிபூரண பலன்'. ஆகவே 'பாவமன்னிப்பு' என்ற பேரே பிசகு. மன்னிப்பு முன்னமே ஆகிவிட்டது. இது தண்டனைக் கழிவு.

சரி, இந்தக் கழிவுக்கு முதல் எங்கிருந்து வருகிறது? அங்கேதான் பொக்கிஷம் வருகிறது. கிறிஸ்துவின் இரத்தத்தில் ஒரு துளியே உலகம் முழுவதுக்கும் போதுமாயிருக்க அவர் ஏராளமாகச் சிந்தினாராம். அதோடு மரியம்மாளும் அர்ச்சியசிஷ்டவர்களும் சம்பாதித்த பேறுபலன்களும் சேர்ந்து என்றும் குறையாத திரவியமாகத் திருச்சபையில் இருக்கிறதாம். அதன் சாவி பேதுருவிடமும், அவருக்குப் பின் வந்த பாப்பரசர்களிடமும் இருக்கிறதாம். 1343ல் ஆறாவது கிளமெந்து பாப்பரசர் இதைக் கட்டளையாகவே எழுதி வைத்தார்.

இது ஒரே நாளில் முளைத்ததல்ல. ஆதியில் பெரிய பாவம் செய்தவன் சபையார் முன்னிலையில் நாள் கணக்காக, வருஷக் கணக்காகத் தவம் இருக்கவேண்டும். அதைக் குறைத்துக் கொடுப்பதே முதலில் நடந்தது. பின்னாளில் '40 நாள் பலன்' என்றதும் அந்தப் பழைய தவத்தில் 40 நாளுக்கு ஈடானது என்ற அர்த்தத்தில்தான். 1095ல் இரண்டாவது உர்பான் பாப்பரசர், ஜெருசலேமுக்குப் பக்தியோடு யுத்தம் செய்யப் போகிறவனுக்கு அந்தப் பிரயாணமே தவம் முழுவதுக்கும் ஈடு என்று வைத்தார். 1300ல் எட்டாவது போனிபாஸ் பாப்பரசர் ரோமாபுரிக்கு யாத்திரை வந்தால் பரிபூரண பலன் என்றார். 1476ல் நான்காவது சிக்ஸ்துஸ் பாப்பரசர், செத்துப்போனவர்களுக்காகவும் உயிரோடிருப்பவர்கள் காணிக்கை கொடுத்துப் பலன் பெறலாம் என்றார். பாருங்கள் தோழர்களே! தவத்தில் ஆரம்பித்தது யுத்தத்திற்குப் போய், யாத்திரைக்குப் போய், கடைசியில் பெற்றோரைப் பறிகொடுத்து அழுகிறவன் வீட்டு வாசலில் வந்து நின்றது.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். ஜெர்மனியில் ஆல்பிரெக்ட் என்ற பிரபு வீட்டுப் பிள்ளை ஏற்கெனவே மாக்டபர்க் ஆர்ச்பிஷப். 1514ல், 24 வயதுகூட நிரம்பாத அவருக்கு மைன்ஸ் ஆர்ச்பிஷப் பதவியும் வந்தது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள ரோமாபுரிக்குப் பெருந்தொகை கட்டவேண்டும். ஆக்ஸ்பர்க் நகரத்து ஃபக்கர் பாங்கியில் கடன் வாங்கிக் கட்டினார். கடனை அடைக்க வழி? பலன் வழங்கும் உரிமையைப் பத்தாவது லியோ பாப்பரசர் அவருக்குக் கொடுத்தார். வசூலில் ஒரு பாதி ரோமாபுரியில் பேதுரு கோயில் கட்டுவதற்கு. மறு பாதி பாங்கிக் கடனுக்கு. கொடுத்த ஜனங்களுக்குக் கோயில் தெரியும், கடன் தெரியாது. தெட்செல் என்ற சந்நியாசி ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தார். அரசனுக்கும் பிஷப்புக்கும் 25 பொன், தொழிலாளிக்கு ஒரு பொன் என்று அந்தஸ்துக்குத் தக்கபடி விகிதம் இருந்தது. ஏழைக்கு ஜெபமும் உபவாசமும் போதும் என்றும் எழுதியிருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லுகிறோம்.

பக்கத்துச் சாக்சனி நாட்டுப் பிரபு பிரெடரிக் என்பவர் தெட்செலைத் தம் எல்லைக்குள் விடவில்லை. பகுத்தறிவினால் என்று நினைத்துவிடாதீர்கள்! விட்டன்பர்க் நகரத்துக் கோயிலில் அவரே எலும்பும் துணியுமாக ஆயிரக்கணக்கான புண்ணியப் பண்டங்களைச் சேர்த்து வைத்திருந்தார். 1520 வாக்கில் அவை 19,000க்கு மேல் ஆகி, தரிசித்துக் காணிக்கை செலுத்தினால் 19 லட்சம் வருஷத்துக்கு மேல் பலன் என்று கணக்காயிற்று. ஒரு கடைக்காரர் இன்னொரு கடைக்காரரைத் தெருவுக்குள் விடவில்லை, அவ்வளவுதான்!

அந்த விட்டன்பர்க்கில் வாத்தியாராயிருந்தவர்தான் மார்ட்டின் லூதர். 1517 அக்டோபர் 31ந் தேதி 95 வாக்கியங்களை எழுதி அந்த ஆல்பிரெக்டுக்கே அனுப்பினார். அவர் நாஸ்திகர் அல்ல. உத்தரிக்கிற ஸ்தலம் இல்லையென்றும் அன்று அவர் சொல்லவில்லை. ஆனால் ஜனங்கள் கேட்கிறார்கள் என்று சொல்லி ஒரு கேள்வியை எழுதினார். காசுக்காக இத்தனை ஆத்துமாக்களை விடுவிக்கும் பாப்பரசர், அன்புக்காக அந்த இடத்தையே ஏன் காலி செய்துவிடக்கூடாது என்பதே அது.

இதற்குச் சமாதானம் சொல்லுகிறார்கள். ஒரேயடியாகத் திறந்துவிட்டால் மனிதன் திருந்தாமல் சோம்பேறியாவான் என்கிறார்கள். உயிரோடிருக்கிறவனுக்கு அது பொருந்தலாம். ஆனால் செத்தவர்கள் இனி ஒரு புண்ணியமும் சம்பாதிக்க முடியாது என்று சொல்லுவதும் அவர்களே. சம்பாதிக்க முடியாதவன் சோம்பேறியாவது எப்படி? செத்தவர்கள் பேரில் பாப்பரசருக்கு அதிகாரமில்லை, மன்றாட்டு மட்டுந்தான் என்றும் சொல்லுகிறார்கள். மன்றாட்டுத்தான் என்றால் அது நம் வீட்டுக் கிழவிக்கும் உண்டே! அதற்குச் சாவி எதற்கு?

'அதெல்லாம் பழங்கதை' என்று நண்பர்கள் சொல்லலாம். உண்மைதான். 1563ல் திரெந்து சங்கம் கெட்ட லாபங்களை ஒழிக்கச் சொல்லிற்று. 1567ல் ஐந்தாவது பியுஸ் பாப்பரசர் பணம் சம்பந்தப்பட்ட பலன்களை ரத்து செய்தார். 1967ல் ஆறாவது பவுல் பாப்பரசர் நாள், வருஷக் கணக்கையும் எடுத்துவிட்டார். இவைகளை நாம் பாராட்டுகிறோம். ஆனால் கடையை மூடினார்களே தவிரப் பண்டசாலையை மூடவில்லை. பொக்கிஷமும் சாவியும் அப்படியே இருக்கின்றன. 2025ம் வருஷத்து ஜூபிலியிலும் பரிபூரண பலன் வழங்கப்பட்டது.

ஆகவே விற்றது மாத்திரம் குற்றமல்ல, தோழர்களே, கணக்குத்தான் கோளாறு. பையன் அடுத்த வீட்டுப் பானையை உடைத்தால் மன்னித்தாலும் பானையின் விலையைக் கொடுக்கத்தானே வேண்டும், அதுபோலத்தான் பாக்கித் தண்டனை என்று அவர்கள் உவமை சொல்லுகிறார்கள். நல்ல உவமை. விலையைப் பையன் கொடுத்தாலும் மாமன் கொடுத்தாலும் பானைக்காரிக்குப் பானை கிடைக்கிறது. உத்தரிக்கிற ஸ்தலத்தில் ஒருவன் நூறு வருஷம் வாதைப்பட்டால் இங்கே யாருக்கு என்ன கிடைக்கிறது? திருடியதைத் திருப்பிக் கொடு என்று அவர்களும் சொல்லத்தான் சொல்லுகிறார்கள். திருப்பியும் கொடுத்து, வருந்தியும் திருந்தி, மன்னிப்பும் பெற்றானானால் அப்புறம் பாக்கி எது? கடன் கொடுத்தவன் யார் என்றே தெரியாத ஒரு கடனை நம் தலையில் எழுதி, அதைத் தீர்க்கும் சாவியையும் ஒருவரிடமே கொடுத்தால், ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் தெட்செல் வந்தே தீருவார்.

செத்துப்போன தாயை நினைத்து அழுகிறவன் துக்கம் யாருக்கும் முதலாகக்கூடாது. அவள் பேரில் அன்பிருந்தால், அவள் யாருக்காவது பட்ட கடன் இருந்தால் அதைத் தீருங்கள். உங்கள் கையால் நஷ்டப்பட்டவன் இருந்தால் அவன் வீட்டுக்குப் போய்க் கொடுங்கள். அந்தக் கணக்குக்குச் சாவி உங்கள் கையிலேயே இருக்கிறது.