விடுமுறைக்கு ஓர் உபயம்
(கல்வி உதவி நிதி வழங்கும் விழாவில் ஆற்றிய உரை)



நானும் இதுபோன்ற மேடையில் உதவி நிதி பெற்றுப் படித்தவன். அந்தப் பணம் படிப்புக் கட்டணத்துக்குச் சரியாக இருந்தது. இரண்டாம் ஆண்டு விடுமுறையில் பேராசிரியர் ஒருவர் தம் ஆய்வுக்கூடத்துக்கு வரச் சொன்னார். சம்பளம் கிடையாது. குடும்ப நிலைமை கருதி நான் கிடங்கு வேலைக்குப் போனேன். என் இடத்தில் சேர்ந்த நண்பர் பின்னாளில் முனைவர் பட்டம் பெற்றார். நல்ல உழைப்பாளி, ஆனால் விடுமுறையில் சம்பாதிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

இளநிலை மாணவருக்கு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். மேற்படிப்புக்குத் தேர்ந்தெடுப்பவர்கள் மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதில்லை. ஆய்வு அனுபவம் உண்டா, உடனிருந்து கவனித்த பேராசிரியர் என்ன எழுதியிருக்கிறார் என்றும் பார்க்கிறார்கள்.

அமெரிக்காவில் கறுப்பின மாணவர்கள் அறிவியல் ஆராய்ச்சிப் படிப்பில் மிகக் குறைவாகவே இருந்தனர். 1988ஆம் ஆண்டு, ராபர்ட் மேயர்ஹாப் என்ற கொடையாளரின் நிதியுதவியோடு, ஃபிரீமன் ஹ்ரபோவ்ஸ்கி என்னும் கல்வியாளர் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் ஒரு திட்டம் தொடங்கினார். 1989இல் 19 கறுப்பின இளைஞர்கள் சேர்ந்தனர். அடுத்த ஆண்டு பெண்களும், 1996 முதல் எல்லா இனத்தவரும் சேர்க்கப்பட்டனர். முதலாண்டு வகுப்பு தொடங்குமுன்பே ஒன்றாகத் தங்கிப் பாடம் கற்றல், குழுவாகப் படித்தல், கோடை விடுமுறையில் ஆய்வுக்கூடப் பணி என்பதே அதன் முறை.

அங்கே படித்து 2008இல் பட்டம் பெற்றவர் கிஸ்மெக்கியா கார்பெட் என்ற கறுப்பினப் பெண்மணி. 2014இல் முனைவரானார். 2020இல் மாடர்னா கோவிட் தடுப்பூசி உருவானதில் முக்கியப் பங்காற்றினார். நம்மில் பலர் போட்டுக்கொண்ட ஊசி அது.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் இளநிலை மாணவர்களுக்கு ஆராய்ச்சித் திட்டங்கள் இருக்கின்றன. ஆனால் வீட்டுக்குச் சம்பாதித்துக் கொடுக்க வேண்டிய பிள்ளை அதில் எப்படிச் சேரும்?

உபயகாரர்களே, பூசைக்கு உபயம் ஏற்கும்போது பூ முதல் பிரசாதம் வரை பார்த்துச் செய்கிறீர்கள். கல்விக் கொடையும் கட்டணத்தோடு நிற்க வேண்டாம். ஒரு மாணவரின் ஒரு விடுமுறைச் செலவை ஒருவர் ஏற்றுக்கொள்ளுங்கள். முதல் பிள்ளைக்கு உரியதை நான் தருகிறேன்.

மாணவர்களே, பேராசிரியர் அழைத்தால் பணத்தை எண்ணி மறுத்துவிடாதீர்கள். எங்களிடம் வந்து சொல்லுங்கள். அன்று யாரிடம் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இறைவன் திருவருள் துணை நிற்கட்டும்.