பத்து நிமிடம்

முதல்வர் அவர்களே, பேராசிரியர்களே, உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் பெற்றோர்களே, கறுப்பு அங்கிக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் பட்டதாரிகளே!

வாழ்க்கையில் ஒரு நோக்கம் இருந்தால் எந்தத் துன்பத்தையும் தாங்கலாம் என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஒப்புக்கொண்டுவிட்டேன். வீட்டுக்குப் போய் யோசித்தபோது கூச்சமாக இருந்தது. ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தாங்குவதைப் பற்றி நான் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறேன்? கன்டெய்னர் லாரிகளுக்கு இடையில் புகுந்து கல்லூரிக்கு வந்தவர்கள் நீங்கள். காயப்போட்ட வெள்ளைச் சட்டையைச் சாயங்காலம் எடுக்கும்போது அது என்ன நிறத்தில் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். தண்டையார்பேட்டையில் ஒற்றை அறை வீடு. ராத்திரி அம்மா அவர் தோளில் எண்ணெய் தேய்த்துவிடும்போது நாங்கள் எதைக் கேட்டாலும் அவரிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: "பாடு படணும்டா, வேற என்ன?" அது அறிவுரையா, சலிப்பா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அதே சொல்லை வேறொரு பொருளில் நான் கேட்டது வெகு காலம் கழித்து, பழவேற்காட்டில். அங்கே ஏரியில் எறா பிடிக்கும் மீனவர்களிடம் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த நாளில், எந்த இடத்தில், எந்தத் தலைக்கட்டு வலை கட்டலாம் என்று ஊர் கூடிப் பேசி வைத்த ஏற்பாடு அது. இன்றைக்கு இந்தத் தண்ணீர் உன் பாடு, நாளைக்கு அவன் பாடு. அப்பா சொன்ன பாடு தோளில் வந்து விழுவது. இவர்கள் சொல்வது பங்கு, முறை, உரிமை. ஒரே சொல்லுக்குள் இரண்டும் எப்படிக் குடியிருக்கின்றன என்று அன்று படகிலேயே யோசித்துக்கொண்டிருந்தேன். மொழியறிஞர்கள் வேறு விளக்கம் சொல்லலாம். எனக்கு அந்தச் சொல்லிலிருந்து பெரம்பூருக்கு ஒரு வழி தெரிந்தது.

பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைகள் இருந்தன. உங்கள் தாத்தாக்கள் பி அண்டு சி மில் என்பார்கள். 1996இல் மூடிவிட்டார்கள். நான் சொல்லப்போவது 1918க்குச் சற்று முந்திய கதை. ஆலைக்குப் பக்கத்தில் வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று ஒன்று நடந்துவந்தது. பெயரிலேயே தெரியும், பக்திச் சொற்பொழிவுக்கான சபை. நாள் முழுக்கத் தறியில் நின்றவர்கள் சாயங்காலம் அங்கே வந்து உட்கார்ந்து பெருமாள் கதை கேட்பார்கள். ஆறுதல் தேடி வந்தவர்கள். துன்பத்தைத் தாங்குவதற்கு அதைவிடப் பழகிய வழி நம்மிடம் ஏது?

அந்தச் சபையை நடத்தியவர்களில் செல்வபதி செட்டியார் என்ற வணிகரும் அவர் தோழர் இராமானுஜலு நாயுடுவும் உண்டு. இருவரும் தலைவர்கள் இல்லை. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர்களும் இல்லை. வந்து உட்கார்ந்தவர்கள் கதை கேட்டதோடு கதையும் சொன்னார்கள். மேலாளர்கள் கை நீட்டுவதைச் சொன்னார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் அரை மணி நேரம் போதவில்லை என்றார்கள். கை கழுவி, தூக்குச் சட்டியைத் திறந்து, இரண்டு வாய் வைப்பதற்குள் சங்கு ஊதிவிடும். இதைக் கேட்ட செட்டியாருக்கு இன்னொரு சொற்பொழிவுக்கு ஏற்பாடு செய்வதோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை. நண்பரையும் கூட்டிக்கொண்டு அன்னி பெசன்ட் அம்மையாரின் 'நியூ இந்தியா' பத்திரிகை அலுவலகத்துக்குப் போய், அங்கே அம்மையாருக்குத் துணையாக இருந்த பி.பி. வாடியாவைப் பார்த்தார். 1918 ஏப்ரல் 27 அன்று வாடியாவின் தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. முறையாக அமைந்த இந்தியத் தொழிற்சங்கங்களில் அதையே முதலாவதாகச் சொல்கிறார்கள்.

சங்கம் முதலில் கேட்டவற்றில் ஒன்று என்ன தெரியுமா? சுயராஜ்யம் இல்லை. சாப்பாட்டு இடைவேளையை முப்பது நிமிடத்திலிருந்து நாற்பதாக்க வேண்டும் என்று கேட்டார்கள். பத்து நிமிடம். கிடைத்தது.

நோக்கம் என்றதும் நாம் எதையோ பெரிதாகக் கற்பனை செய்துகொள்கிறோம். மலையுச்சியில் விளக்கு மாதிரி. எனக்கென்னவோ அந்தப் பத்து நிமிடம்தான் நினைவுக்கு வருகிறது.

அந்தச் சங்கத்தின் துணைத் தலைவர்களில் ஒருவர் 'தேசபக்தன்' ஆசிரியராக இருந்த திரு.வி. கலியாணசுந்தரனார். திரு.வி.க. என்றால் பாடப் புத்தகத்தில் பார்த்த தமிழறிஞர் முகம் உங்களுக்கு நினைவு வரும். பட்டமளிப்பு விழாவில் அவரைப் பற்றிப் பேச எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர் பட்டதாரி இல்லை. சிறு வயதில் ஏதோ மருந்து ஒத்துக்கொள்ளாமல் கைகால் முடங்கிப் படிப்பு சில ஆண்டுகள் நின்றுபோனது. பிறகு வெஸ்லி பள்ளியில் சேர்ந்து நன்றாகப் படித்தார். 1904இல் இறுதித் தேர்வு வந்தது. அந்த நேரம் பார்த்து அவருடைய தமிழாசிரியர், யாழ்ப்பாணத்துக் கதிரைவேற்பிள்ளை மீது நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. அதில் சாட்சி சொல்லப் போனதில் தேர்வு எழுத முடியாமல் போனது. அதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. (பேராசிரியர்கள் என்னை முறைக்க வேண்டாம். தேர்வைத் தவறவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை.)

1912இல் அவருக்குத் திருமணம். பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. சங்கம் தொடங்கிய அதே 1918இல், செப்டம்பர் மாதம், மனைவி கமலாம்பிகையும் நோயில் போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது. மறுமணம் செய்துகொள்ளவில்லை. மேடைக்காரர்கள் வழக்கமாக இந்த இடத்தில், துயரத்தை மறக்கத் தொழிலாளர் பணியில் மூழ்கினார் என்று ஒரு வரி போடுவார்கள். எனக்கு அந்த வரி பிடிப்பதில்லை. பணியில் அவர் ஏற்கெனவே இருந்தார். அந்தப் பணி அவருக்கு மருந்தாக இருந்தது என்பதைவிட, மேலும் மேலும் தொல்லையைக் கொண்டுவந்து சேர்த்தது என்பதே உண்மைக்குப் பக்கம். கதவடைப்பு, துப்பாக்கிச் சூடு, வழக்கு. சங்கத் தலைவர்கள் மீது நட்டஈடு கேட்டுக் கம்பெனி உயர் நீதிமன்றம் போனது. தொழிற்சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லாத காலம் அது. 1926இல்தான் சட்டம் வந்தது. நாடு விடுதலை அடைய இரண்டு மாதம் இருக்கும்போது, 1947 ஜூனில், அதே ஆலைத் தொழிலாளர்களின் போராட்டத்துக்காக அறுபத்து மூன்று வயதில் அவரை வீட்டுக் காவலில் வைத்தார்கள். வைத்தது அவருடைய பழைய காங்கிரஸ் தோழர்களின் ஆட்சி.

1921ஆம் ஆண்டை இங்கே விட்டுவிட்டுப் போனால் நான் பொய் சொன்னவன் ஆவேன். அந்த ஆண்டு நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தில் சாதி குறுக்கே வந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின. சங்கம் முறிந்தது. ஒரே தறிக் கூடத்தில் நின்றவர்கள் ஒரே சங்கத்தில் இருந்தும், யார் வீட்டு அடுப்பு முதலில் அணையும் என்பதைச் சங்கம் எண்ணிப் பார்க்கவில்லை என்று நான் நினைக்கிறேன். கையில் நல்ல நோக்கம் இருக்கிறது என்ற நினைப்பே பக்கத்தில் இருப்பவனைப் பார்க்க விடாமல் செய்துவிடும்.

விக்டர் பிராங்கலின் புத்தகத்தை உங்களில் சிலர் படித்திருப்பீர்கள். வியன்னா மனநல மருத்துவர், யூதர். நாஜி வதைமுகாம்களில் கிடந்து உயிர் தப்பியவர். வாழ ஒரு பொருள் இருந்தவர்கள் தாங்கினார்கள் என்று அவர் சொன்னதை எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். இரண்டு விஷயங்களை விட்டுவிடுகிறார்கள். முகாமுக்குப் போகும் முன்பே அவருக்கு அமெரிக்க விசா கிடைத்திருந்தது. வயதான தாய் தகப்பனை விட்டுப் போக மனமில்லாமல் அதைக் காலாவதியாக விட்டார். அந்தப் பொறுப்புதான் அவரை முகாம் வாசல்வரை கொண்டுபோனது. இரண்டாவது, தவிர்க்கக்கூடிய துன்பத்தை அனுபவிப்பதில் வீரம் ஏதுமில்லை, அதன் காரணத்தை நீக்குவதே பொருளுள்ள செயல் என்று அவரே எழுதியிருக்கிறார்.

இந்த இரண்டாவதைத்தான் நான் நம் ஊருக்காக உரக்கச் சொல்ல விரும்புகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்றில் படிந்தது. படகும் வலையும் கறுத்துப்போன மீனவர்களே இறங்கி வாளியில் அள்ளினார்கள். அது முடிவதற்குள் அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில், பெரியகுப்பம் பக்கம் ஓர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிச்சலும் மூச்சுத் திணறலுமாகக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அவர்களிடம் போய், வாழ்வில் ஒரு நோக்கம் வைத்துக்கொள்ளுங்கள், தாங்கிவிடலாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சொன்னால் அது ஆலை முதலாளிக்குத்தான் இனிக்கும். அந்த ஊர்ப் பெண்கள் தாங்கிக்கொள்ளவில்லை. பந்தல் போட்டு வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். வெயிலில் உட்கார்வதும் கஷ்டம்தான், அன்றைய வருமானம் போவதும் கஷ்டம்தான். ஆனால் இது அவர்களே எடுத்துக்கொண்ட பாடு, பழவேற்காட்டுக்காரர்கள் சொல்கிற பொருளில்.

உங்களில் பாதிப் பேர் வீட்டில் முதல் பட்டதாரிகள் என்று முதல்வர் சொன்னார். அடுத்த மாதம் ஒரகடத்துக்கோ பழைய மகாபலிபுரம் சாலைக்கோ விடிகாலைப் பேருந்தில் போவீர்கள். முதல் சம்பளத்தில் அடகில் இருக்கும் நகை மீள வேண்டும், தங்கை ஃபீஸ் கட்ட வேண்டும். இதெல்லாம் நோக்கத்தில் சேர்த்தியா என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். என் அப்பா எனக்குப் புத்தகம் வாங்கித் தந்த காசு மூட்டை தூக்கிய காசுதான். பெரியதாக ஒன்றும் தென்படவில்லையே என்று இருபத்தொரு வயதில் கலங்கவும் வேண்டாம். செல்வபதி செட்டியார் தன் நோக்கத்தைத் தேடி எங்கும் போகவில்லை. பெருமாள் கதை கேட்க வந்தவர்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார், அவ்வளவுதான். நீங்கள் போகும் அலுவலகத்திலும் யாரோ ஒருவர் அவசர அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார், பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பார்.

திரு.வி.க. கடைசிக் காலத்தில் கண் பார்வை இழந்தார். படுக்கையில் கிடந்தபடி சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதினார். அப்படி வந்த ஒரு புத்தகத்துக்கு 'முதுமை உளறல்' என்று பெயர் வைத்தார், இன்னொன்றுக்குப் 'படுக்கைப் பிதற்றல்'. இவ்வளவுக்குப் பிறகும் தன்னைக் கேலி செய்துகொள்ள மனிதரிடம் ஏதோ மிச்சம் இருந்திருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

என் உளறலையும் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். கீழே சாப்பாடு தயார் என்று துண்டுச் சீட்டு வந்திருக்கிறது. இரண்டு மணிக்கு அடுத்த நிகழ்ச்சியாம். அதைக் கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா என்று முதல்வரைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு பத்து நிமிடம் போதும்.