துறைப்புலமையும் மாணவர் தேர்ச்சியும்



‘தமிழ் பேசத் தெரிந்தவர் எவரும் தமிழ் கற்பிக்கலாம்’ என்னும் எண்ணம் இன்றும் நிலவுகிறது. கணக்கு வகுப்பைக் கணக்குப் பயின்றவரிடமே ஒப்படைக்கும் பள்ளிகளுள் சில, தமிழ் வகுப்பை ஓய்வுநேரம் வாய்த்த ஆசிரியர் எவரிடமும் ஒப்படைக்கத் தயங்குவதில்லை. அமெரிக்காவில் 1990களில் வெளிவந்த ஆய்வுகள் சிலவும் இதற்குத் துணைபோவன போலத் தோன்றும். கணிதத்தைச் சிறப்புப் பாடமாகப் பயின்ற ஆசிரியரின் மாணவர் கணிதத்தில் மேம்பட்டிருந்தனர். மொழியிலோ அத்தகைய பயன் தெளிவாகப் புலப்படவில்லை. அவ்வாறாயின் மொழியாசிரியர்க்குத் துறைப்புலமை வேண்டாவோ?

விடையைத் தாம்பரத்திலிருந்தே தேடலாம். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் இங்குக் குடிபெயர்வதற்கு முன், நகருக்குள் இயங்கிய காலத்தில் அங்குப் பயின்றவர் பரிதிமாற் கலைஞர். தத்துவத்திலும் தமிழிலும் முதன்மையுற்று 1892இல் பட்டம் பெற்றார். முதல்வர் மில்லர் தத்துவ ஆசிரியர் பணியை அளிக்க முன்வந்தும், தமிழாசிரியர் பணியையே அவர் வேண்டிப் பெற்றார் என்பர். ஆர்வமுள்ள மாணவர்க்குத் தம் இல்லத்திலும் தமிழ் கற்பித்து, அவர்களை ‘இயற்றமிழ் மாணவர்’ என அழைத்தார். 1903இல் தம் 33ஆம் அகவையில் மறைவதற்குள் ‘நாடகவியல்’, ‘தமிழ்மொழியின் வரலாறு’ ஆகிய நூல்களைத் தந்தார்.

1898இல் அதே கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த மறைமலையடிகளோ பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர். எனினும், முல்லைப்பாட்டுக்கும் பட்டினப்பாலைக்கும் அவர் வரைந்த ஆராய்ச்சியுரைகள் அப்பணிக்காலத்தில் தோன்றியவை. 1911இல் பணி நீங்கிப் பல்லாவரத்தில் வாழ்ந்தபோதும் அவர்தம் ஆராய்ச்சி ஓயவில்லை. ஆகவே துறைப்புலமை என்பது பட்டத்தின் மறுபெயர் அன்று. கற்பிக்கும் பொருளைத் தாமே இடையறாது ஆராயும் வேட்கை அது.

இனி, தேர்ச்சி என்பது யாது? வெண்பா ஒன்றை அலகிட்டு வாய்பாடு கூறுமாறு தேர்வில் கேட்பர். ‘மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர்’ என மனப்பாடம் செய்த மாணவன் முழு மதிப்பெண் பெறுவான். அதற்குக் குறிப்பேட்டைப் படித்து எழுதவைக்கும் ஆசிரியரே போதும். ஆனால் தளை தட்டும்போது செவி உறுத்துவதை உணர்த்த, யாப்பில் தோய்ந்த ஆசிரியர் வேண்டும். அவ்வுணர்வு பெற்றவனே பின்னாளில் வெண்பா எழுதுவான். மரபை அறிந்து மீறவும் துணிவான். இவ்விரு மாணவரையும் விடைத்தாள் வேறுபடுத்திக் காட்டுவதில்லை. அளவுகோல் காட்டாமையால் பயனே இல்லை என முடிவு செய்தல் பொருந்தாது.

2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. அதனைக் கற்பிப்பவர் யார் என்னும் வினாவைப் பெற்றோரே பள்ளிதோறும் எழுப்புதல் வேண்டும். இவ்வவையிலுள்ள கவிஞர் ஒவ்வொருவரும் தம்மைச் செவிகொடுத்துக் கேட்கவைத்த ஓர் ஆசிரியரை இப்போது நினைத்துப் பார்ப்பார்களாயின், அவ்வினாவுக்கான சான்று அவர்களிடமே உள்ளது.