பிறமொழி நாடகமும் பம்மல் சம்பந்தனாரும்



எங்கள் ஊராகிய குரும்பகரம், காரைக்கால் வட்டாரத்தில் காவிரிப் பாசனத்தின் கடைமடையில் உள்ள சிற்றூர். வயலில் நீர் பாய்ந்ததும், "காவிரி வந்துவிட்டது" என்று மகிழ்வோமேயன்றி, அந்நீரைச் சுமந்துவந்த வாய்க்காலின் பெயரை ஒருவரும் சொல்வதில்லை. மொழிபெயர்ப்பாளர் நிலையும் ஏறக்குறைய இதுவே. நூலின் அட்டையில் மூல ஆசிரியர் பெயர் பெரிதாக விளங்கும். தமிழில் தந்தவர் பெயரைத் தேடித்தான் காணவேண்டும். அத்தகையோருள், பிறமொழி நாடகங்களைத் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்த பம்மல் சம்பந்த முதலியாரைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

சம்பந்தனார் 1873-ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தவர். இளமையில் அவருக்குத் தமிழ் நாடகம் என்றாலே இளக்காரம். 'கூத்தாடி' என்ற சொல் வசைச்சொல்லாக வழங்கிய காலம் அது. படித்தவர்கள் மேடைப்பக்கம் தலைவைத்தும் பாரார்கள். 1891-இல் பல்லாரியிலிருந்து சென்னைக்கு வந்த தெலுங்கு நாடகக் குழுவொன்றின் ஆட்டத்தை அவர் கண்டார். கற்றறிந்தோரே வேடம் பூண்டு கண்ணியமாக நடித்ததைக் கண்டதும் அவர் உள்ளம் மாறியது. தமிழிலும் இவ்வாறு செய்யலாகாதோ என்று எண்ணினார். அவ்வாண்டிலேயே நண்பர்களுடன் சேர்ந்து சுகுண விலாச சபையை நிறுவினார். அப்போது அவருக்கு வயது 18. இன்று உங்களில் பலருக்கு உள்ள வயது.

பின்னர் அவர் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1924 முதல் 1928 வரை சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் இருந்தார். தொழில் ஒருபுறம் நடக்க, நாடகப்பணி மறுபுறம் ஓயாமல் நடந்தது. 'மனோஹரா', 'சபாபதி' போன்ற சொந்த நாடகங்களோடு, மொழிபெயர்ப்பும் தழுவலுமாகப் பலவற்றை எழுதினார். பாட்டே நிறைந்து விடியவிடிய நடந்த நாடகங்களுக்கு நடுவே, உரைநடையில் பேசிச் சில மணி நேரத்தில் முடியும் நாடகத்துக்கு இடம் தேடித் தந்தவர்களுள் அவர் முதன்மையானவர். தம் அனுபவங்களை 'நாடக மேடை நினைவுகள்' என்னும் நூலாக எழுதி வைத்தார். 1959-இல் பத்மபூஷண் விருது பெற்று, 1964-இல் தமது 91-ஆம் வயதில் காலமானார்.

அவருடைய மொழிபெயர்ப்பு முறையை அறிய நாடகங்களின் பெயர்களே போதும். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட், 'அமலாதித்யன்' ஆனான். மாக்பெத், 'மகபதி' ஆனான். சிம்பலின், 'சிம்ஹளநாதன்' ஆனான். வெனிஸ் நகரத்து வணிகன், 'வாணீபுர வணிகன்' ஆனான். இப்பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப்பாருங்கள். மூலப் பெயரின் ஒலி உள்ளே ஒளிந்திருக்கிறது. ஆயினும் நம் செவிக்கு அது நம்மவர் பெயராகவே கேட்கிறது. 'அமலம்' என்றால் மாசின்மை, 'ஆதித்யன்' கதிரவன். அயல்நாட்டு இளவரசன் ஒருவன், பொருளும் பெருமையும் உள்ள பெயரோடு நம்முன் வந்து நிற்கிறான்.

ஏன் இவ்வளவு முயற்சி? புத்தகம் படிப்பவன் ஒரு வரி விளங்காவிட்டால் மறுமுறை படிக்கலாம், அகராதியைப் புரட்டலாம். நாடகம் பார்ப்பவனுக்கு அந்த வசதி இல்லை. சொல் காதில் விழுந்த கணமே நெஞ்சில் பதியவேண்டும். தவிர, எழுதியவரே நடிகருமாக இருந்ததால், நாவில் தட்டும் சொல் எது, தடையின்றி ஓடும் சொல் எது என்று சம்பந்தனார் அறிந்திருந்தார். அமலாதித்யனாக வேடம் பூண்டு மேடையில் நின்றவரும் அவரே அல்லவா?

காரைக்கால்காரனாகிய எனக்கு அவரிடம் மற்றொரு பற்றும் உண்டு. எங்கள் பகுதி 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. மொலியேர் என்னும் பிரெஞ்சு நாடகாசிரியரின் பெயர் எங்கள் முன்னோர் சிலருக்குப் பள்ளிப் பாடத்தில் பழக்கமானது. 1671-இல் மேடையேறிய அவருடைய நாடகம் ஒன்றில் ஸ்காப்பன் என்னும் வேலைக்காரன் வருகிறான். கஞ்சத் தந்தையரை ஏய்த்துப் பணம் கறந்து, மைந்தர்களின் காதலுக்கு உதவுகிறான்; முதலாளி ஒருவரைச் சாக்கினுள் புகவைத்துத் தானே அடிக்கவும் செய்கிறான்! அந்த ஸ்காப்பனைத்தான் சம்பந்தனார் 'காளப்பன் கள்ளத்தனம்' என்ற பெயரில் தமிழுக்குத் தந்தார். சாக்கும் கஞ்சத்தனமும் எந்த நாட்டிலும் உண்டு. பெயர் மாறியதும் ஆளும் நம் தெருவுக்கு வந்துவிட்டான்.

இனி, என் சொந்த அனுபவம் ஒன்று. ஆசிரியப் பயிற்சி முடித்து, ஒரு பள்ளியில் சேர்ந்த புதிதில், ஆண்டுவிழாவுக்காக வெனிஸ் வணிகனின் வழக்குமன்றக் காட்சியைத் தமிழாக்கினேன். அகராதியை அருகில் வைத்துச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தேன். ஒத்திகையை எட்டிப்பார்த்த பள்ளிக் காவலர், "ஐயா, இந்தப் பிள்ளைகள் யாரிடம் பேசுகிறார்கள்?" என்று கேட்டார். அக்கேள்வி என்னை நூலகத்துக்கு அனுப்பியது. சம்பந்தனாரின் நூல்களைப் படித்தேன். பின்னர் வெனிஸைக் கடற்கரைத் துறைமுகம் ஒன்றாக மாற்றினேன். வட்டிக்காரனை நம் கடைத்தெருவில் காணும் ஒருவனைப்போல் பேசவைத்தேன். விழா நாளில் சிரிப்பும் கைதட்டலும் அடங்க வெகுநேரம் ஆயிற்று. நான் பெருமிதம் கொண்டேன்.

சில மாதங்கள் கழித்தே ஒன்றைக் கவனித்தேன். வகுப்பில் ஒரு மாணவனை ஏனையோர் அந்த வட்டிக்காரன் பெயரால் அழைத்துக்கொண்டிருந்தனர். அவன் வேடம் போட்டவன் அல்லன். அவனுடைய தந்தையார் ஊரில் அடகுக்கடை வைத்திருந்தார். வேற்றூரிலிருந்து வந்து குடியேறிய குடும்பம் அது. முன்வரிசையில் அமர்ந்திருந்த பையன் கடைசி வரிசைக்குப் போய்விட்டான். ஆண்டு முடிவில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு சென்றும்விட்டான்.

நான் செய்த பிழை யாது என்று நெடுநாள் சிந்தித்தேன். வெனிஸ் நகரத்து வெறுப்பு வெனிஸில் இருந்தவரை, அது தொலைவில் இருந்தது. அதை நம் தெருவுக்குக் கொண்டுவந்தபோது அதற்கு ஒரு முகமும் முகவரியும் கிடைத்துவிட்டன. அதனினும் பெரிய பிழை மற்றொன்று. மூல நாடகத்தில், வழக்குக்கு முந்திய காட்சி ஒன்றில், இகழப்பட்ட அந்த வட்டிக்காரன் தானும் மற்றவர்களைப்போல் நோவும் பசியும் உள்ள மனிதனே என்று வாதாடுகிறான். ஷேக்ஸ்பியர் அவனைக் கொடியவனாகக் காட்டினும், அவனுக்குப் பேச வாயும் கொடுத்தார். நானோ நேரம் போதாது என்று அந்தப் பேச்சை நீக்கிவிட்டேன். ஒருவனை நம் ஊருக்கு அழைத்துவந்து, அவன் வாயைக் கட்டிவிட்டு, ஊரைச் சிரிக்கவைத்தேன்.

மறு ஆண்டு அதே நாடகத்தை மீண்டும் நடத்தினோம். அப்பேச்சை முழுமையாகச் சேர்த்தேன். அவை அமைதியாகக் கேட்டது. கேட்டிருக்க வேண்டிய அந்த மாணவன் மட்டும் அங்கே இல்லை.

ஆகவே மாணவர்களே, மொழிபெயர்ப்பு இருமொழிப் புலமை மட்டும் அன்று. கொண்டுவருவதோடு விட்டுவிடுவதற்கும் மொழிபெயர்ப்பவனே பொறுப்பு. சம்பந்தனாரிடம் செவிக்கினிய தமிழைக் கற்றுக்கொள்ளுங்கள். என் பிழையிலிருந்து எச்சரிக்கையைக் கற்றுக்கொள்ளுங்கள்.

வரும் விடுமுறையில் ஆங்கிலமோ, பிரெஞ்சோ, மலையாளமோ, நீங்கள் அறிந்த மொழியிலிருந்து ஒரு சிறு காட்சியைத் தமிழாக்குங்கள். அதை வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் எந்த இடத்தில் "என்ன?" என்று கேட்கிறார்களோ, அந்த இடத்தில் உங்கள் தமிழைத் திருத்துங்கள். பின்னர், நீக்கிய வரிகளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அவற்றுள் எவருடைய குரலேனும் இருக்குமானால், நேரம் போதாவிட்டாலும் அதற்கு இடம் கொடுங்கள்.