பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளை தனி ஆள் அல்ல

(விவசாயத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சின் சுருக்கம்)



கூலியைப் பற்றி, நெல் விலையைப் பற்றி, ஆலையிலே ஏறிக்கொண்டே போகும் வேலைப்பளுவைப் பற்றி எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறோம். இன்று வேறொரு விஷயத்தைப் பேச வந்திருக்கிறோம். காலையில் நாம் நடவுக்கும் ஷிப்டுக்கும் புறப்படுகிறோம். பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறது. மாலையில் அதுவும் திரும்புகிறது, நாமும் திரும்புகிறோம். இடையிலே அதற்கு என்ன நேர்ந்தது? "சாப்பிட்டாயா? பாடம் எழுதினாயா?" என்று கேட்கிறோம். "உன்னை யாராவது இழிவாகப் பேசினார்களா?" என்று கேட்பதில்லை.

ஒரு பிள்ளையைக் கறுப்பன் என்று கேலி செய்கிறார்கள். ஒரு பிள்ளை காலை இழுத்து நடந்தால் அதுபோலவே நடந்து காட்டிச் சிரிக்கிறார்கள். கிழிந்த சட்டைக்கு ஒரு பட்டப்பெயர். திக்கிப் பேசினால் ஒரு பட்டப்பெயர். இவை எல்லாவற்றிற்கும் மேலாக, சேரியிலிருந்து வருகிறான் என்று சாதியைச் சொல்லி ஒதுக்குகிறார்கள்.

"பிள்ளை விளையாட்டுத்தானே, வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று சிலர் சொல்லுகிறார்கள். அவர்களுக்கு நாங்குநேரியை நினைவூட்டுகிறோம்.

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியிலே தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பையன் ஒருவன் 12ஆம் வகுப்புப் படித்துவந்தான். உடன் படித்த ஆதிக்க சாதி மாணவர்கள் சிலர் அவனை நாள்தோறும் துன்புறுத்தினார்கள். தாங்கமாட்டாமல் அவன் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினான். பிறகு நடந்தது பள்ளிக்குத் தெரிவிக்கப்பட்டது. 2023 ஆகஸ்டு 9 இரவு, மாணவர்கள் அரிவாளோடு வீடு புகுந்து அவனை வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்து பிழைத்த அந்தப் பிள்ளை, 2024இல் பொதுத் தேர்வு எழுதித் தேறினான். அவன் மன உறுதியைப் போற்றுகிறோம். ஆனால் பாடம் படிக்கப் போன பிள்ளைக்கு இவ்வளவு மன உறுதி ஏன் தேவைப்படவேண்டும்?

அரிவாள் தூக்கியவர்களும் பள்ளிப் பிள்ளைகளே. அவர்கள் தாய் வயிற்றிலிருந்து அரிவாளோடு பிறக்கவில்லை. கையிலே சாதிக்கு ஒரு நிறக் கயிறு கட்டிவிட்டவர்கள் பெரியவர்கள். "நம்ம ஆள், அவங்க ஆள்" என்று திண்ணையிலே பேசியவர்கள் பெரியவர்கள். பிள்ளை அதைக் காதிலே வாங்கிக்கொண்டு போய் வகுப்பிலே நடத்திக் காட்டுகிறது.

இது தென் மாவட்டத்துச் சமாசாரம், நமக்கென்ன என்று காவிரிக் கரையில் உள்ளவர்கள் இருந்துவிட முடியாது. காலைச் சிற்றுண்டித் திட்டம் 2023 ஆகஸ்டு 25 அன்று நம் டெல்டாவின் திருக்குவளையிலேதான் விரிவாகத் தொடங்கியது. அடுத்த மாதமே, இதே காவிரி பாயும் கரூர் மாவட்டத்தில் வேலன்செட்டியூர்ப் பள்ளியிலே என்ன நடந்தது? சமைக்கிற அம்மாள் தாழ்த்தப்பட்டவர் என்று சொல்லிப் பெற்றோர் சிலர் தங்கள் பிள்ளைகளை அந்த உணவைச் சாப்பிட விடவில்லை. மாவட்ட ஆட்சியர் நேரில் போய், அதே உணவைச் சாப்பிட்டுக் காட்டவேண்டியிருந்தது. பசித்த குழந்தைக்கு இட்டலியில் சாதி தெரியுமா? பெற்றவர்கள் சொல்லிக் கொடுத்தால்தான் தெரியும்.

அம்பேத்கர் சிறுவனாக சதாராவிலே படித்தபோது, உட்காருவதற்குச் சாக்குத் துணியை வீட்டிலிருந்து எடுத்துப் போனார். தண்ணீர்க் குழாயைத் தொடக்கூடாது. பள்ளிப் பியூன் திறந்துவிட்டால்தான் தண்ணீர். பியூன் இல்லாத நாளில் தாகத்தோடு இருக்கவேண்டும். நூறு வருஷத்திற்கு மேல் ஆகிவிட்டது. சாக்குத் துணி போய்விட்டது; அதை விரிக்கச் சொன்ன மனம் போகவில்லை.

சரி, செய்யவேண்டியது என்ன?

அடிபட்டு வந்த பிள்ளைக்கு வீட்டிலே இரண்டு விதமான யோசனை சொல்கிறோம். ஒன்று, "ஒதுங்கிப் போ." மற்றொன்று, "நீயும் போட்டுவிட்டு வா." இரண்டுமே பிள்ளையைத் தனியாக விட்டுவிடுகிற யோசனைகள். ஒதுங்கிப் போகிறவன் கடைசியில் பள்ளியை விட்டே ஒதுங்குகிறான். அடித்துவிட்டு வருகிறவனை மறுநாள் பத்துப் பேர் சூழ்ந்துகொள்கிறார்கள்.

இந்தத் தஞ்சை மண்ணுக்கு இது புதிய பாடமல்ல. நம் பாட்டன்மார் பண்ணையாட்களாய் இருந்த காலத்தில் சாட்டையடியும் சாணிப்பாலும் தண்டனை. தனித் தனி ஆளாய் நின்றவரை, முதுகு காட்டுவதைத் தவிர வழியில்லை. 1940களிலே பி.சீனிவாசராவ் போன்றோர் சேரி சேரியாய் நடந்து சங்கம் கட்டினார்கள். ஒருவன் முதுகில் விழுந்த அடியை ஊரே கேள்வி கேட்டது. சாட்டை கீழே விழுந்தது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. பள்ளிக்கூடத்திற்கும் பொருந்துவது இதுதான்: தனிப் பிள்ளையின் வழக்கைப் பலருடைய வழக்காக ஆக்கவேண்டும்.

வகுப்பிலே அடிக்கிறவன் ஒருவன், அடிபடுகிறவன் ஒருவன். மற்ற முப்பது பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். அந்த முப்பது பேர் சிரித்தால் அடிக்கிறவனுக்குத் தெம்பு; முகம் சுளித்தால் அவன் கை தாழும். நார்வே நாட்டிலே 1983ஆம் வருஷம் நாடு முழுவதும் பள்ளிகளில் இதற்கென்று ஓர் இயக்கமே நடந்தது. டான் ஒல்வேயஸ் என்ற அறிஞர் அங்கே வகுத்த முறையின் சாரமும் இதுதான்: அடித்தவனைத் தண்டிப்பதோடு நிற்காமல் பள்ளி முழுவதையும், ஆசிரியரையும், பெற்றோரையும், வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளையும் சேர்த்தே மாற்றவேண்டும்.

ஆகவே நம் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம்: ஒதுக்கப்பட்டவன் பக்கத்தில் போய் உட்கார். அவனோடு சேர்ந்து வீட்டுக்கு நட. அவனுக்கு நேர்ந்ததை ஆசிரியரிடம் சொல். அது கோள் சொல்லுவதல்ல, தோழமை.

பெற்றோருக்கும் வேலை உண்டு. பிள்ளை காரணமில்லாமல் பள்ளிக்குப் போக மறுத்தால், சட்டை கிழிந்து வந்தால், பேச்சுக் குறைந்தால், அதட்டாமல் விசாரியுங்கள். நடந்ததைத் தேதியோடு எழுதிக் கொடுங்கள்; நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றையாய்ப் போகாதீர்கள், தெருவிலிருந்து நாலு பேரோடு போங்கள். நாங்குநேரியிலே விஷயம் வெளிவந்த பிறகுதான் வெட்டு விழுந்தது என்பதை மறக்கவேண்டாம். புகார் கொடுத்த பிள்ளைக்குப் பாதுகாப்பு என்ன என்று அங்கேயே கேளுங்கள். மாணவர்களுக்கான 14417, குழந்தைகளுக்கான 1098 என்ற தொலைபேசி எண்களைச் சுவரில் எழுதி வையுங்கள்.

2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடுக்கிறது. அதே சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். இந்த நாற்காலிகளை நாம் காலியாக விட்டால் ஊர்ப் பெரிய மனிதர்கள் வந்து உட்காருவார்கள். நடவாளும் ஆலைத் தொழிலாளியும் அங்கே உட்காரவேண்டும்.

உட்கார்ந்து எதைக் கேட்பது? நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதிக் கயிறு கூடாது. சைக்கிளில் சாதி நிறம் கூடாது. பள்ளிப் பெயரில் சாதி கூடாது. பெயரின் அகரவரிசைப்படி பிள்ளைகளை உட்கார வைக்கவேண்டும் என்றெல்லாம் அது சொன்னது. நம் ஊர்ப் பள்ளியில் இதில் எது நடக்கிறது, எது நடக்கவில்லை என்று குழுக் கூட்டத்தில் கேளுங்கள். காகிதத்தில் உள்ள தண்ணீர் வயலுக்குப் பாயாது; மடையைத் திறக்க ஆள் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆகவேண்டும். கேலி செய்கிற பிள்ளை மிராசுதார் வீட்டில் மட்டும் இல்லை. கூலிக்காரன் மகனே துப்புரவுத் தொழிலாளி மகனை இழிவு செய்வதுண்டு. சங்கக் கூட்டத்தில் தோழர் என்று அழைத்துவிட்டு, வீட்டுத் திண்ணையில் சாதிப் பெயரைச் சொல்லி வைகிறவன் வீட்டுப் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? முதல் பள்ளிக்கூடம் நம் திண்ணை. அதைச் சுத்தம் செய்ய அரசாங்க உத்தரவு வேண்டியதில்லை.

நாளைக்கு ஒரே வயலில் இறங்கப் போகிறவர்கள், ஒரே ஆலை வாசலில் நிற்கப் போகிறவர்கள் இந்தப் பிள்ளைகள். இன்று ஒரே பெஞ்சில் மரியாதையோடு உட்காரப் பழகாதவர்கள் நாளைக்கு ஒரே வரிசையில் நின்று உரிமை கேட்கமாட்டார்கள். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். பதில் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேளுங்கள். பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.