எடை பார்த்தோம், வயிற்றை அளக்கவில்லை
(ஆதரவாளர் ஐக்கியக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த ஊழியத்தைத் தாங்கிவரும் உங்கள் முன் எங்கள் தவறு ஒன்றை முதலில் ஒத்துக்கொள்கிறோம். எங்கள் சர்க்கரை நோய்ப் பிரிவில் நெடுநாளாக எடை மெஷினையே நம்பியிருந்தோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மாதந்தோறும் வருவார். கைகால் மெலிந்தவர், 165 செ.மீ. உயரத்துக்கு 60 கிலோ. "உங்களுக்கு எடைப் பிரச்சினை இல்லை ஐயா" என்று சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தோம். சட்டைக்குள் இருந்த தொப்பையை யாரும் பொருட்படுத்தவில்லை.

ஒருநாள் விடியற்காலை, மூச்சுத் திணறலோடு அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நெஞ்சுவலியே இல்லை. இ.சி.ஜி. எடுத்தால் மாரடைப்பு! சர்க்கரை உள்ளவர்களுக்கு வலி தெரியாமலும் அது வருவதுண்டு. தேவ கிருபையால் பிழைத்தார். பிறகுதான் டேப் வைத்து அளந்தோம். 96 செ.மீ.

இந்திய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. வயிற்றுச் சுற்றளவு எச்சரிக்கைக் கோடு. ஐரோப்பிய ஆண்களுக்கு அது 94. நமக்கு ஏன் குறைவு? 2004-இல் லான்செட் இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் லண்டன் யுட்கின். உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2!

தோலுக்கடியில் உள்ள கொழுப்பைவிடக் குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பே பொல்லாதது. அதிலிருந்து கொழுப்பு அமிலங்கள் நேரே கல்லீரலுக்குப் போகின்றன. ட்ரைகிளிசரைடு ஏறும், நல்ல கொலஸ்ட்ரால் இறங்கும், இன்சுலின் சரியாக வேலை செய்யாது. சர்க்கரை நோயே இருதய ஆபத்தை ஏறக்குறைய இரு மடங்காக்குகிறது. அதன்மேல் இதுவும் சேர்கிறது.

இன்னொன்று. சர்க்கரை கட்டுக்கடங்காமல் போனாலும் எடை குறையும். "இளைத்துவிட்டேன்" என்று சந்தோஷப்படுவார்கள். கரைந்தது தசையாயிருக்கலாம், தொப்பை அப்படியே நிற்கும். மெஷினுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அளப்பதிலும் ஏமாற்றம் உண்டு. "என் பேண்ட் சைஸ் 34தான்" என்பார் ஒருவர். பேண்டோ தொப்பைக்குக் கீழே நிற்கிறது. சகோதரிகள் பாவாடை நாடா பதிந்த இடத்தைக் காட்டுவார்கள். அதுவும் சரியல்ல. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, துணியை விலக்கி, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளக்கவேண்டும். வயிற்றை எக்கக்கூடாது. (போதகர்களும் எக்குகிறார்கள்!)

டேப் மட்டும் போதும் என்று சொல்லவில்லை. இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகைப்பழக்கம் எல்லாம் பார்க்கத்தான் வேண்டும். ஒல்லியானவருக்கும் அவற்றைப் பார்க்கத் தூண்டுவது டேப். தையற்கடையில் கிடைக்கிற அதே டேப்தான். இப்போது எங்கள் ஒவ்வொரு நோயாளியின் சீட்டிலும் எடைக்குப் பக்கத்தில் அந்த அளவையும் எழுதுகிறோம். அந்த ஆசிரியர் தினமும் நடக்கிறார். போன மாதம் 91.

தேநீருக்குப் பின் பக்கத்து அறைக்கு வாருங்கள். சகோதரிகளுக்குத் திரை கட்டியிருக்கிறோம், நர்ஸம்மாக்களே அளப்பார்கள். உங்கள் எண்ணைச் சீட்டில் எழுதித் தருவோம்.